டார்பன் மீன் பிடிக்க வழிகாட்டியுடன் படகில் போவது எப்படி: முதன்முறை போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

புளோரிடாவின் மேற்குக் கரையில், காஸ்பரில்லா தீவுக்கும் காயோ கோஸ்டா தீவுக்கும் நடுவே சார்லட் ஹார்பரின் நீர் மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்கு போகா கிராண்ட் பாஸ் என்று பெயர். மே, ஜூன் மாதங்களில் இங்கே டார்பன் என்னும் பெரிய கடல்மீன்கள் பெருங்கூட்டமாகத் திரள்வதால், கோடை தொடங்கும்போதே வழிகாட்டிப் படகுகளுக்கு முன்பதிவு நெருக்கடி வந்துவிடும். 1885இல் இதே பகுதியில், சானிபெல் தீவை ஒட்டிய நீரில், கோலும் ரீலும் கொண்டு ஒரு டார்பன் பிடிக்கப்பட்ட செய்தி பரவிய பிறகுதான் பணக்காரப் பயணிகள் ரயிலேறி இக்கரைக்கு வரத் தொடங்கினார்கள்.

தூண்டிலில் இரை கோக்கவும், ரீலைச் சுற்றவும், நரம்பு முடிச்சுப் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். தெரியாவிட்டாலும் படகின் கேப்டன் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார். அவர் சொல்லிக் கொடுத்தாலும் கை கேட்காத இடங்கள் சில உண்டு. இந்த விளக்கத்தில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள். நிலவைப் பார்த்துக் குறியுங்கள். மே, ஜூன் மாதங்களின் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பிற்பகல் முதல் மாலை வரை முகத்துவாரத்தில் வற்று (கடலை நோக்கி நீர் வடியும் ஓட்டம்) மிக வேகமாக ஓடும். இந்த வேக வற்றை உள்ளூர்க்காரர்கள் ‘ஹில் டைடு’ என்கிறார்கள். விரிகுடாவுக்குள் புல்லோடும் பாசியோடும் ஒதுங்கியிருந்த சிறு நண்டுகளை நீரோட்டம் அடித்துக்கொண்டு வெளியே தள்ள, டார்பன் கூட்டம் மேற்பரப்புக்கு வந்து அவற்றை வாரி விழுங்கும். புதியவர் ஒருவருக்கு மீன் மாட்டும் வாய்ப்பு இதைவிட நன்றாக அமைவது அரிது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புளோரிடாவில் கோடை இடிமழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் எழும். நீளமான கோல்களை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு திறந்த படகில் நிற்பவருக்கு மின்னலைவிடப் பெரிய ஆபத்து கடலில் வேறில்லை. மழைக்காலம் முழுதாக இறங்கும் முன், மே மாதத்து ஹில் டைடு நாளைப் பிடிப்பதே என் பரிந்துரை. ஜூனின் பிற்பகுதியில்தான் வர முடியும் என்றால் விடியற்காலைப் பயணமாகக் கேளுங்கள். அப்போது முகத்துவாரத்தை விட்டுக் கடற்கரை ஓரமாக நகரும் கூட்டங்களைக் கண்ணால் தேடிப் பிடிப்பார்கள். மீன் குறைவாகவே மாட்டும், ஆனால் கூட்டம் உருண்டு வருவதைப் பார்த்து அதன் முன்னே இரையை எறியும் அந்த முறையே எனக்கு அதிகம் பிடித்தது.

படி 2: படகைப் பதிவு செய்வது

கேப்டனிடம் அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழங்கும் உரிமம் இருக்க வேண்டும். பொதுவாகக் காணப்படும் சிறு படகு உரிமத்தின்படி கட்டணம் செலுத்தும் பயணிகள் ஆறு பேர் வரை ஏற்றலாம். படகுக்கு மாநிலத்தின் சார்ட்டர் (வாடகைப் படகு) உரிமம் இருந்தால், அதில் வரும் நீங்கள் தனியாக மீன்பிடி உரிமம் வாங்கத் தேவையில்லை. ஆறு பேர் போகலாம் என்பதற்காக ஆறு பேர் போகாதீர்கள். ஒருவர் கோலில் டார்பன் மாட்டியதும் மற்றவர்கள் நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இரண்டு பேர் போதும், மூன்று பேர் அதிகபட்சம்.

பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வானிலை கெட்டால் பயணத்தை நிறுத்தும் முடிவு யாருடையது, அப்போது முன்பணம் என்னவாகும், நண்டு இரையின் விலை கட்டணத்தில் அடக்கமா. கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை அன்பளிப்பாகக் கொடுப்பது அங்கே வழக்கம். அதையும் சேர்த்தே செலவுக் கணக்கைப் போடுங்கள்.

படி 3: கருவிகள்

கருவிகள் எல்லாம் படகிலேயே இருக்கும். இருந்தாலும் என்ன தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். முதன்முறை பிடிப்பவருக்கு ஸ்பின்னிங் ரீல்தான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழைய பாணி ரீல்களில் நரம்பை விரலால் ஒழுங்குபடுத்திச் சுற்ற வேண்டும். மீன் தாவும் பரபரப்பில் அது முடியாத காரியம். 50 முதல் 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் 60 முதல் 80 பவுண்டு ஃபுளூரோகார்பன் லீடர் (முள்ளைக் கட்டும் முனை நரம்பு), அதில் முனை உள்நோக்கி வளைந்த பெரிய வட்ட முள். இந்தச் சேர்க்கைக்கு மேல் எதுவும் வேண்டாம். ரீலில் பென் ஸ்லாமர் போல உப்புநீர் உள்ளே புகாதபடி அடைக்கப்பட்ட வகை எனக்கு நிறைவாக இருக்கிறது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ளவை வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு வீண்.

நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: போலரைஸ்டு கண்ணாடி (சாம்பல் நிறத்தைவிடச் செம்பு நிறக் கண்ணாடியில் மீனின் நிழல் தெளிவாகத் தெரியும்), முழுக்கைச் சட்டை, நிறையத் தண்ணீர். வெயில் தடுப்புக் களிம்பைக் கரையிலேயே பூசிக்கொண்டு உள்ளங்கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். களிம்பு வாடை ஏறிய இரை கேப்டன்களுக்குப் பிடிக்காது.

படி 4: இரையை மீன் எடுக்கும்போது

மற்ற மீன்களில் பழகியவர்களுக்குத்தான் இந்தப் படி கடினம். இரையில் இழுப்பு தெரிந்ததும் கோலை வெடுக்கென்று தூக்கி முள்ளைக் குத்த வேண்டும் என்று கை பழகியிருக்கும். வட்ட முள்ளில் அப்படிச் செய்தால், அது எங்கும் பதியாமல் மீனின் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். டார்பனின் வாய்க்குள் பெரும்பகுதி எலும்பு போலக் கடினமானது. வாயின் மூலையில் மட்டும்தான் முள்ளுக்குப் பிடி கிடைக்கும். மீன் இரையைக் கவ்வித் திரும்பும்போது, இறுகும் நரம்பு முள்ளை அந்த மூலைக்கு இழுத்துச் செல்ல, முள் தானாகத் திரும்பிப் பதியும்.

ஆகவே கோலை நீருக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்து, இழுப்பு தெரிந்ததும் அசையாமல், நரம்பு விறைக்கும்வரை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். விறைத்து, கோல் தானாக வளைந்து, ரீலிலிருந்து நரம்பு ஓடத் தொடங்கிய பிறகுதான் கோலை மெல்ல உயர்த்த வேண்டும்.

படி 5: தாவும்போது வணங்குவது

டார்பனைத் தேடி ஆட்கள் வருவதும் இதற்காகத்தான், பெரும்பாலோர் மீனைப் பறிகொடுப்பதும் இதில்தான். முள் பட்ட சில விநாடிகளில் மீன் முழு உடலோடு நீரைக் கிழித்து எழும்பி, காற்றில் தலையை இருபுறமும் உதறும். நீருக்குள் இருக்கும்வரை அதன் எடையை நீரே தாங்குகிறது. 100 பவுண்டு மீன் நீரை விட்டு எழும்பியதும் அந்த எடை அவ்வளவும் அதன் வேகமும் நரம்பில் வந்து விழுகின்றன. நரம்பு விறைப்பாக இருந்தால், உதறும் தலைக்கு முள்ளைக் கழற்றி எறிய அதுவே பிடிமானமாகிவிடும். அல்லது மீன் திரும்பி விழும்போது விறைத்த லீடரின் மேல் விழுந்து அதை அறுத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து, மீன் எழும்பிய அதே கணத்தில் இடுப்பை வளைத்து, இரு கைகளையும் முன்னே நீட்டி, கோலின் நுனியை மீனை நோக்கித் தாழ்த்திவிடுவது. கேப்டன்கள் இதை ‘ராஜாவுக்கு வணக்கம்’ என்பார்கள். டார்பனுக்கு வெள்ளி ராஜா என்று பட்டப்பெயர் உண்டு. கோலின் நீளமும் கையின் நீளமும் சேர்ந்து நரம்பில் ஒரு தளர்வை உண்டாக்கும். மீன் உதறுகிற உதறல் அந்தத் தளர்வில் வீணாகிப் போகும். நரம்பைத் தளரவிட்டால் முள் கழன்றுவிடாதா என்று கேட்கலாம். வாய் மூலையில் பதிந்த வட்ட முள் அந்த ஒரு விநாடித் தளர்வில் பெரும்பாலும் கழலாது. மீன் நீரில் விழுந்ததும் கோலை நிமிர்த்தி, மறுபடியும் விறைப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

கேப்டன் கத்திய பிறகு வணங்கினால் தாமதமாகிவிடும். தாவப் போவதை முன்கூட்டியே அறிய ஓர் அடையாளம் உண்டு: கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்த நரம்பு சட்டென்று நீர்ப்பரப்பை நோக்கி மேலே ஏறும். மீனைத் தேடாமல், நரம்பு நீரைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். கிளம்பும் முன் கரையில் நண்பர் ஒருவரை நரம்பின் முனையைப் பிடித்துக்கொண்டு திடீர் திடீரென்று கையை உயர்த்தச் சொல்லி ஒத்திகை பார்ப்பது சிரிப்பாக இருக்கும், ஆனால் பலன் தரும்.

படி 6: போராட்டத்தைச் சுருக்குவது

டார்பனால் காற்றையும் சுவாசிக்க முடியும். அதன் காற்றுப்பை நுரையீரல் போல வேலை செய்வதால், மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டால் களைத்த மீனுக்குப் புது வலு வந்துவிடும். கோலை வானத்தை நோக்கி நிமிர்த்திப் பிடித்தால் நீங்களே அதைக் காற்றுக்குத் தூக்கி விடுகிறீர்கள் என்று பொருள். கோலைப் பக்கவாட்டில், நீருக்கு அருகில் தாழ்த்தி, மீன் வலப்புறம் போனால் இடப்புறமும், இடப்புறம் போனால் வலப்புறமும் இழுங்கள். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீலைச் சுற்றாதீர்கள். அதனால் நரம்பு முறுக்கிக்கொள்வதைத் தவிர பயனில்லை. டிராக்கை (நரம்பு ஓடும்போது ரீல் தரும் தடையை) நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் கேப்டன் வைத்திருப்பார், அதைத் தொட வேண்டாம்.

நெடுநேரம் போராடினேன் என்று பெருமை பேசுவது எனக்கு உவப்பில்லை. போராட்டம் நீள நீள மீன் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. முகத்துவாரத்தில் கொம்பன் சுறாக்களும் காத்திருக்கின்றன.

படி 7: விடுவது

புளோரிடாவில் டார்பனைப் பிடித்து விடத்தான் முடியும். 2013 முதல் சட்டம் அதுதான். சாதனைப் பதிவுக்காக ஒரு மீனை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் 50 டாலர் கட்டித் தனிக் குறியட்டை வாங்க வேண்டும். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைப் படத்துக்காகக்கூட நீரிலிருந்து தூக்கக் கூடாது. படகின் விளிம்பில் சாய்ந்து, மீனின் கீழ்த்தாடையைப் பிடித்தபடி, தலை நீரில் இருக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கேப்டன் படகை மெல்ல முன்னே நகர்த்துவார். செவுள்களில் நீர் ஓடி மீனுக்குத் தெம்பு வந்ததும் அது தானாகவே கையை உதறிக்கொண்டு போகும்.

பிற்சேர்க்கை 1: சுறா வந்துவிட்டால் என்ன செய்வது என்று இதைப் படித்தவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். போராட்டத்தின் நடுவே சுறா தென்பட்டால் கேப்டன் டிராக்கைத் தளர்த்தி டார்பனைத் தப்பியோட விடுவார், அல்லது நரம்பைப் பிடித்து அறுத்துவிடச் சொல்வார். மறுக்காமல் செய்யுங்கள். மீன் தாவியது, நீங்கள் பார்த்தீர்கள். அதைப் பிடித்ததாகவே எண்ணிக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை 2: சொந்தக் கோலைக் கொண்டுபோகலாமா என்பது மற்றொரு கேள்வி. போகா கிராண்ட் பாஸில் மட்டும் பொருந்தும் தனி விதிகள் உள்ளன. முள்ளின் அடிப்பகுதியில் எடை தொங்கும் அமைப்பை அங்கே பயன்படுத்தக் கூடாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு படகிலிருந்து மூன்று நரம்புகளுக்கு மேல் இறக்கவும் கூடாது. உங்கள் முடிச்சும் முள்ளும் இந்த விதிகளுக்குள் அடங்குமா என்பதைக் கேப்டன் பார்த்துச் சொன்ன பிறகே அவற்றை நீரில் இறக்குங்கள்.

பிற்சேர்க்கை 3: சிறுவர்களை அழைத்துப் போக விரும்புவோர், மீன் மாட்டியதும் கோலை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் இடுப்பில் கோல் தாங்கும் பட்டை கட்டப்பட்டிருக்கிறதா, பின்னால் ஒரு பெரியவர் அவர்களின் சட்டையையோ உயிர்காப்பு அங்கியையோ பிடித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு டார்பன் வேண்டாம்; அரைநாள் படகெடுத்து விரிகுடாவுக்குள் சிறு மீன்களைப் பிடிக்கச் சொல்லுங்கள், அவர்களுக்கு அதில்தான் மகிழ்ச்சி அதிகம்.