லோ விஷன் கண்ணாடி டிராயருக்குள் போவது எப்படி

அப்பாவுக்கு 74 வயது. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதியில் வரும் மாக்குலா தேய்மானத்தில் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரப்பார்வை நன்றாகவே இருக்கிறது. வாசலில் ஆள் வருவது தெரியும், வருவது யார் என்பதுதான் தெரியாது. அவருக்கு எழுதிக் கொடுத்த லோ விஷன் கண்ணாடி மூன்றே நாளில் டிராயருக்குள் போனது. "காசுக்குப் பிடிச்ச கேடு" என்றார். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து அதைத் தப்பாகப் பயன்படுத்தினோம்.

முதல் தப்பு, அதையும் வழக்கமான கண்ணாடி என்று நினைத்தது. வழக்கமான கண்ணாடி விழித்திரையில் விழும் பிம்பத்தைக் கூர்மையாக்கும். விழித்திரையே பழுதாகியிருந்தால் கூர்மையாக்கி என்ன பயன்? சிகிச்சையும் சரியான கண்ணாடியும் கொடுத்த பிறகும் நல்ல கண்ணில் பார்வை 6/18-க்குக் கீழே இருந்தால், அதாவது மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்கூடப் படிக்க முடியாவிட்டால், அதை லோ விஷன் என்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் பவர் ஏத்திக் கொடுங்க" என்று கடைக்காரரிடம் கேட்பதில் அர்த்தமே இல்லாத கட்டம் அது. லோ விஷன் கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்கி, பழுதான நடுப்பகுதியைத் தாண்டிச் சுற்றியுள்ள நல்ல விழித்திரையிலும் விழச் செய்கிறது. அவ்வளவுதான். நோயை அது தொடுவதில்லை. கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுகிறவர், படிக்க முடிகிறதே என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

அடுத்தது தூரம். டிராயருக்குப் போகும் கண்ணாடிகளில் பாதி இதனால்தான் போகின்றன என்பது என் சந்தேகம்.

அப்பாவின் கண்ணாடி பிளஸ் 12. கணக்கு எளிது: 100-ஐப் பவரால் வகுத்தால், தாள் எத்தனை சென்டிமீட்டரில் இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பிளஸ் 12 என்றால் எட்டுக்குச் சற்று மேல். பிளஸ் 20 என்றால் வெறும் ஐந்து. அப்பாவோ ஐம்பது வருடப் பழக்கத்தில் பேப்பரை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் பனிமூட்டமா இருக்கு" என்றார். இருக்கத்தானே செய்யும்! பேத்தியின் பிளாஸ்டிக் ஸ்கேலை அவர் கன்னத்தில் வைத்து அளந்து காட்டிய பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. எட்டு சென்டிமீட்டர் என்பது நாலு விரல் அகலம்.

ஒரு வழி இருக்கிறது. தாளை முதலில் மூக்கில் ஒட்டி வையுங்கள். அப்புறம் மெல்ல வெளியே தள்ளுங்கள். எழுத்து தெளியும் இடத்தில் நிறுத்தி, தலையை ஆட்டாமல் தாளை மட்டும் இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே படியுங்கள். கை வலிக்கும். பள்ளிக்கூடப் பரீட்சை அட்டையில் பேப்பரை மடித்துக் கிளிப் போட்டுக் கொடுத்தோம், வலி பாதி குறைந்தது.

இத்தனை கிட்டத்தில் இரண்டு கண்ணும் ஒரே எழுத்தில் குவிவது கஷ்டம். குறைந்த பவரில், ஒளியைத் திருப்பிவிடும் ஆப்பு வடிவக் கண்ணாடியான பிரிசம் வைத்துச் சமாளிப்பார்கள். பவர் கூடக்கூட, நல்ல கண்ணுக்கு மட்டும் பவர் கொடுத்து மற்றதை மறைத்துவிடுவதும் உண்டு. அப்பாவின் கண்ணாடியில் இடப்பக்கம் பால் நிறத்தில் இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தார்.

கூட இருப்பவர்கள் செய்யும் தப்பு ஒன்றும் உண்டு, அதைச் செய்தது நான்தான். அப்பா வரியைப் பார்க்காமல் வரிக்குச் சற்று மேலே பார்த்தார். "எங்கே பாக்கறீங்க, நேரா பாருங்க" என்று அதட்டினேன். நேராகப் பார்த்தால் அவருக்குத் தெரிவது ஒரு சாம்பல் நிறத் திட்டு. விலகிப் பார்க்கப் பழகுவதுதான் அவருக்குச் சரி, கிளினிக்கில் அதற்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். இதே போல, பிறவியிலேயே தோலிலும் கண்ணிலும் நிறமி குறைந்த, அதாவது அல்பினிசம் உள்ள குழந்தை புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனால் "கண்ணு கெட்டுடும்" என்று பிடுங்கி வைக்கிறோம். கிட்ட வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரிகிறது, குழந்தை தானாகக் கண்டுபிடித்த உருப்பெருக்கி அது. அதனால் கண் கெடுவதில்லை.

பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று பவரைக் கூட்டச் சொல்வது இன்னொரு ஆசை. பவர் கூடினால் தாள் இன்னும் கிட்டே வரும், ஒரே பார்வையில் தெரியும் எழுத்துகள் குறையும். வேலை நடக்கப் போதுமான குறைந்தபட்சப் பவர் எதுவோ அதுதான் சரி.

தூரத்துக்குத் தொலைநோக்கி பொருத்திய கண்ணாடி வருகிறது. கரும்பலகைக்கும் பஸ் போர்டுக்கும் உதவும். ஆனால் விழித்திரை நிறமி நோயிலோ முற்றிய கண் அழுத்த நோயிலோ பார்வை குழாய் மாதிரிச் சுருங்கியவருக்கு, பெரிதாக்கினால் அந்தக் குழாய்க்குள் அடங்குவதே குறைந்துபோகும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆன்லைனில் விலை கூடியதாகப் பார்த்து வாங்கி அனுப்பும் வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறைய. டிவி பார்க்க மட்டும் என்றால் வாங்கவே வேண்டாம். பத்தடியில் இருக்கும் நாற்காலியை ஐந்தடிக்கு இழுத்துப் போட்டால் படம் இரண்டு மடங்காகிவிடும், செலவு கிடையாது.

வெயில் கூசுகிறது என்று கறுப்புக் கூலிங் கிளாஸ் போட்டு, வீட்டுக்குள்ளும் கழற்றாமல் இருப்பவர்கள் உண்டு. கூச்சத்தோடு வெளிச்சமும் போய்விடும். மஞ்சள், ஆம்பர் நிற லென்ஸ்கள் பலருக்குக் கூச்சத்தைக் குறைத்து எழுத்தை எடுப்பாகக் காட்டும். எந்த நிறம் ஒத்துவரும் என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். படிக்கும்போது மேசை விளக்கு நல்ல கண் பக்கம், தாளுக்கு நெருக்கமாக இருக்கட்டும். விட்டத்து டியூப்லைட் போதாது. தாள் முகத்தருகே வந்ததும் அதன்மேல் விழுவது நம் தலையின் நிழல்தான்.

இதையெல்லாம் போட்டுப் பார்க்க இடம் வேண்டும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளில் லோ விஷனுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது பழைய கண்ணாடியோடு, படிக்க முடியாமல் தவிக்கும் பொருளையும் எடுத்துப் போங்கள்: மாத்திரை அட்டை, பாஸ்புக், பாட்டுப் புத்தகம், எதுவானாலும். "நல்லா தெரியணும்" என்று பொதுவாகச் சொன்னால் அவர்கள் எதற்கென்று கண்ணாடி எழுதுவார்கள்?

கண்ணாடியோடு எழுந்து நடக்கவே கூடாது. அப்பா ஒருநாள் காபி எடுக்க அப்படியே எழுந்து, நடையில் படி தவறி, சுவரைப் பிடித்துத் தப்பினார். எட்டு சென்டிமீட்டருக்கு அப்பால் அந்தக் கண்ணாடிக்கு எல்லாமே பனிமூட்டம்தான்.

இப்போது கண்ணாடி, பரீட்சை அட்டை, விளக்கு மூன்றும் ஜன்னலோர நாற்காலியை விட்டு நகர்வதில்லை. காலையில் தலைப்புச் செய்தியும் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களும் அவரே படித்துவிடுகிறார். ராசிபலன் மட்டும் இன்னும் அம்மா பொறுப்பு. அந்த எழுத்து ரொம்பப் பொடி.