எக்செல்லில் நாளும் மாதமும் இடம் மாறினால்

இங்கிலாந்திலிருந்து வரும் பில் பட்டியலை எக்செல்லில் திறந்தால் 03/04 என்று எழுதிய ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிடும். எல்லாத் தேதியும் மாறியிருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். சிலதுதான் மாறின, மாதக் கணக்கு மட்டும் ஒட்டவே இல்லை. பல நாள் வீணாயிற்று.

ஃபார்மட் செல்ஸில் நாள்-மாதம் என்று மாற்றிப் பார்த்தேன். அது தோற்றத்தைத்தான் மாற்றும், உள்ளே பதிவான தேதியைத் தொடாது. விண்டோஸில் ரீஜனை மாற்றி, சேமித்த கோப்பைத் திறந்தும் பயனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: சில தேதிகள் செல்லின் வலப்பக்கம் ஒட்டியிருந்தன, சில இடப்பக்கம். இடப்பக்கம் நின்றவை எல்லாம் 13-ஆம் தேதியும் அதற்குப் பிந்தியவையும். அமெரிக்க அமைப்பில் உள்ள எக்செல் முதல் எண்ணை மாதமாக எடுக்கும். 25-ஆம் மாதம் ஏது? அதனால் 25/04-ஐத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் விட்டுவிடும். 12 வரை உள்ளவற்றைச் சத்தமில்லாமல் புரட்டிவிடும்.

சரிசெய்த வழி இதுதான். பட்டியல் வந்த மூல சிஎஸ்வி கோப்பின் (கமாவால் பிரித்த எழுத்துக் கோப்பு) பெயர்ப் பின்னொட்டை .csv-யிலிருந்து .txt என்று மாற்றி, எக்செல்லுக்குள்ளிருந்தே திறந்தேன். சிஎஸ்வி என்றால் எட்டிப் பார்க்காத இம்போர்ட் விசார்டு (கோப்பை எப்படிப் படிப்பது என்று படிப்படியாகக் கேட்கும் பெட்டி) இப்போது வந்தது. இரண்டாம் படியில் பிரிக்கும் குறியாகக் கமா. மூன்றாம் படியில் தேதிப் பத்தியைத் தேர்ந்து, டேட் என்பதில் டிஎம்ஒய் (DMY), அதாவது நாள்-மாதம்-ஆண்டு. எல்லாத் தேதியும் வலப்பக்கம் வந்துவிட்டன.

சோதிக்கும்போது 4/4, 5/5 போன்றவற்றைப் பார்க்காதீர்கள். அவை எப்படியும் சரியாகவே தெரியும்.