சிபில் கெட்டவர்கள் வெளிநாட்டில் வங்கிக் கணக்கு தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், எனக்கு சிபில் போயிடுச்சுங்க. துபாயில அக்கவுண்ட் தருவாங்களா?"

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாலக்கோட்டில் என் வீட்டுத் திண்ணைக்கு யாராவது வந்து இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் இல்லை. ஒருவருக்கு டிராக்டர் லோன் நின்றிருக்கும். இன்னொருவருக்குத் தக்காளி விலை விழுந்த வருஷம் டியூ தவறியிருக்கும். ஓசூர் கம்பெனியில் வேலை போன பையனுக்கு கிரெடிட் கார்டு பாக்கி. எல்லார் முகத்திலும் ஒரே பயம்.

அவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: கணக்கு வேறு, கடன் வேறு. 300 முதல் 900 வரை போகும் நம் சிபில் மதிப்பெண் இந்தியக் கடன்களை வைத்து இந்தியாவில் போடப்படுவது. சிபிலோடு சேர்த்து இங்கே இப்படிக் கடன் பதிவேடு வைத்து மதிப்பெண் போடும் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன. வெளிநாட்டு வங்கி பொதுவாக அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. அங்கே போய் இறங்கும்போது உங்கள் கடன் வரலாறு வெற்றுத் தாள்தான். பணம் போட்டு எடுக்கும் சாதாரணக் கணக்குக்கு அவர்கள் பார்ப்பது நீங்கள் யார், எங்கே தங்கியிருக்கிறீர்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்பதையே. விண்ணப்பத்தில் பான் எண் கேட்பார்கள். அது நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் வரித் தகவலுக்காக. சிபில் பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால்தான் விண்ணப்பம் நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இந்தியாவிலும் கிளை வைத்திருக்கும் பன்னாட்டு வங்கியிடமே உங்களுக்குப் பாக்கி இருந்தால், அங்கே போய் அதே வங்கியின் கதவைத் தட்டாதீர்கள். வேறு வங்கிக்குப் போங்கள்.

சிபிலை விட அதன் மேல் உள்ள பயம்தான் அதிகம் கெடுக்கிறது. ராயக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வளைகுடாவில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனி சம்பள அட்டை கொடுத்திருந்தது. தன் பெயரில் சேமிப்புக் கணக்கு கேட்டால் சிபிலைப் பார்த்துவிட்டு விரட்டிவிடுவார்கள் என்று நினைத்து, மாதாமாதம் பணத்தை எடுத்து அறைத்தோழரின் கணக்கில் போட்டு வைத்தார். அந்தத் தோழருக்கு அதே வங்கியில் லோன் பாக்கி இருந்தது. வங்கி தன் பாக்கிக்குக் கணக்கில் இருந்ததை எடுத்துக்கொண்டது. எட்டு மாதச் சேமிப்பு போனது. தோழர் ஏமாற்றுக்காரர் அல்ல, அவரும் அழுதிருக்கிறார். ஆனால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பணமாகத்தான் வங்கி பார்க்கும். "அது என் காசு" என்று சொல்ல இவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. "உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் குடு, கமிஷன் தர்றேன்" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கையில் காசில்லாத மாணவர்களையும் புதிதாக வந்தவர்களையும்தான் அவர்கள் தேடுவார்கள். மோசடிப் பணம் கைமாற இடம் கொடுத்தால் பிரிட்டனில் 14 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வழக்கே வராவிட்டாலும், சிபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவேட்டில் பெயர் ஏறினால் 6 ஆண்டு அங்கேயே கிடக்கும். வங்கிகள் கதவைச் சாத்துவது அதைப் பார்த்துத்தான். தர்மபுரியில் கட்டாத லோன் உங்களை லண்டனில் தடுக்காது, இது தடுக்கும்.

அடுத்த தவறு, போய் இறங்கிய வாரமே எல்லாம் கேட்பது. முதல் விண்ணப்பத்திலேயே ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் வசதி), கிரெடிட் கார்டு, தவணையில் போன் என்று டிக் அடித்தால் அது கடன் விண்ணப்பம் ஆகிவிடும். வரலாறே இல்லாதவருக்கு மறுப்பு வரும். உடனே இன்னொரு வங்கி, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு கடன் விசாரணையும் பதிவாகி அடுத்தவர் கண்ணில் படும். அதனால் வெறும் கணக்கை மட்டும் கேளுங்கள். சில நாடுகளில் அதைக் கேட்க உரிமையே உண்டு. பிரிட்டனில் ஒன்பது பெரிய வங்கிகள் ஓவர்டிராஃப்ட் இல்லாத அடிப்படைக் கணக்கு தர வேண்டும் என்று 2015-ல் விதி வந்தது. ஜெர்மனியில் ஷூஃபா என்ற கடன் பதிவேடு கெட்டிருந்தாலும் 'பாசிஸ்கோண்டோ' என்ற அடிப்படைக் கணக்கு கேட்கலாம். 2016 முதல் இது சட்டம். முழு விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாளுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். கனடாவில் வேலை இல்லை, முன்பு திவாலானவர் என்பதை மட்டும் காரணம் காட்டிக் கணக்கை மறுக்க முடியாது. அமெரிக்காவில் பல வங்கிகள் கடன் மதிப்பெண்ணைவிட, பழைய வங்கிக் கணக்குகளைக் குளறுபடி செய்தவர்களின் செக்ஸ்சிஸ்டம்ஸ் பட்டியலையே பார்க்கும். முதல்முறை போகிறவர் பெயர் அதில் எப்படி இருக்கும்?

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். பாஸ்புக்கில் "மு. முருகன்", ஆதாரில் "முருகன் மு", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறி "முருகன் முனியப்பன்", பட்டப்படிப்புச் சான்றிதழில் இனிஷியல் இரண்டு. இங்கே யாருக்கும் இது தவறாகத் தெரிவதில்லை. அங்கே கணினிக்கு இவர்கள் நான்கு பேர். சிபில்தான் தடுத்தது என்று நம்மவர்கள் சொல்லும் மறுப்புகளில் நான் விசாரித்தவரை பாதிக்கு மேல் பெயரும் முகவரிச் சான்றும்தான் காரணம். விசா, வேலை ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், கணக்கு விண்ணப்பம் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் ஊரிலேயே சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். முகவரிச் சான்றுக்கு மாணவர் என்றால் பல்கலைக்கழகக் கடிதம், ஜெர்மனி என்றால் குடியிருப்புப் பதிவுச் சீட்டு. எமிரேட்ஸில் அடையாளத்துக்கு எமிரேட்ஸ் ஐடி. ஏஜென்ட் ஏற்பாடு செய்யும் போலி முகவரியைத் தொடவே வேண்டாம்.

இனி ஊரில் விட்டுவிட்டுப் போகும் கடன். "அங்க போய்ட்டா யார் புடிக்கப் போறாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். உங்களைப் பிடிக்க மாட்டார்கள், ஜாமீன் போட்ட மாமாவையும் சித்தப்பாவையும் பிடிப்பார்கள். தவணை தவறினால் அவர்கள் பதிவும் கெடும். வீட்டில் தனியாக இருக்கும் அம்மா நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு படித்துச் சொல்ல ஆள் தேடுவார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காத காட்சி அது. கிளம்பும் முன் கிளைக்குப் போய் மேலாளரிடம் நேராகச் சொல்லுங்கள்: "வேலைக்குப் போறேன், மூணு மாசம் கழிச்சு மாசம் இவ்வளவு அனுப்புறேன்." எழுதியும் கொடுங்கள். பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது அந்நியச் செலாவணி விதிக்குப் புறம்பானது. ஓடிபி வரும் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் சாகவிடாதீர்கள். அது போனால் இங்குள்ள பணத்தை அங்கிருந்து தொட முடியாது.

வளைகுடாக் கடனை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பலாம் என்ற எண்ணமும் பழையதாகிவிட்டது. எமிரேட்ஸ் நீதிமன்றம் பணம் கட்டச் சொல்லித் தரும் சிவில் தீர்ப்பை இந்திய மாவட்ட நீதிமன்றம் வழியாக நிறைவேற்ற 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. எமிரேட்ஸுக்குத் தனிக் கடன் பதிவேடும் இருக்கிறது.

"சிபிலை ஏத்தித் தர்றோம்" என்று பணம் வாங்குபவர்களை நம்ப வேண்டாம். உண்மையான பாக்கியை எவராலும் அழிக்க முடியாது. தவறான பதிவு என்றால் நீங்களே இலவசமாகப் புகார் கொடுக்கலாம். பாதித் தொகை கட்டி 'செட்டில்மென்ட்' போட்டால் அறிக்கையில் அப்படியேதான் நிற்கும், 'முடிந்தது' என்று வராது. முடிந்தால் முழுதாகக் கட்டி நிலுவை இல்லாச் சான்று வாங்குங்கள்.

வெளிநாட்டுப் படிப்புக்குக் கல்விக்கடன் கேட்பவர்களுக்குத்தான் சிபில் உண்மையிலேயே குறுக்கே வரும், அதுவும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடும் பெற்றோரின் சிபில். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியதே அன்றைய ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டத்தில்தான். இன்று குழுவில் இல்லாத வீடு குறைவு. நுண்கடன் நிறுவனங்கள் தரும் குழு லோனும் ஒவ்வொரு பெண்ணின் பெயரிலும் பதிவாகிறது. அம்மா கட்டி முடித்த லோன் பாக்கி என்றே காட்டி மகனின் கடன் நின்றதைப் பார்த்திருக்கிறேன். முதலில் சொன்ன, மதிப்பெண் போடும் நான்கு நிறுவனங்களில் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. கல்லூரி அனுமதிக் கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பம் போடும் வாரத்திலேயே அப்பா, அம்மா இருவர் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள்.