விறைப்பு குறைந்தால் பாமசிக்கு முன் ஈசிஜி

நாற்பது தாண்டிய ஆளுக்கு ஆண்குறி விறைப்பு சரியாக வராமல் போனால் யாழ்ப்பாணத்தில் வழக்கமாக நடப்பது, ஆளில்லாத நேரம் பார்த்து பாமசியில் ஒரு குளிசை, இல்லாவிட்டால் விளம்பரத்தில் கண்ட லேகியம். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

ஆண்குறிக்குப் போகும் நாடிகள் 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலம்தான், இதயத்துக்கு இரத்தம் கொடுப்பவை 3 முதல் 4. சிகரெட், சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் உடம்பு முழுக்க நாடிகளின் உட்சுவரைக் கெடுக்கின்றன, அது கெட்டால் நாடியை விரியவைக்கும் நைட்ரிக் ஒக்சைட் குறைகிறது, சின்ன நாடி முதலில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பலருக்கு இது நெஞ்சு நோவுக்கு 2 முதல் 5 வருடம் முந்தியே வரும்.

திடீரென்று தொடங்கி, விடிய எழும்பும்போது மட்டும் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் மனக்கவலை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து விடியவும் இல்லையென்றால் நாடியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, டொக்டரிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்து 'உடம்பு அலுப்பு' என்றால் விற்றமின் எழுதித் தந்து அனுப்பிவிடுவார். "சில மாதமாக விறைப்பு வருவதில்லை, இதயத்தையும் ஒருக்கால் பார்க்க வேணும்" என்று நேரே சொல்லுங்கள். டொக்டர் சொந்தக்காரர் என்றால் (இங்கே யார்தான் இல்லை!) தெல்லிப்பழைக்கோ பருத்தித்துறைக்கோ போங்கள். பிரஷர், வெறும் வயிற்றில் சீனி, கொலஸ்ட்ரோல், ஈசிஜி நான்கையும் கேளுங்கள். படுத்திருந்து எடுக்கும் ஈசிஜி நல்லாயிருந்தாலும் அடைப்பு இருக்கலாம், அதனால் படி ஏறும்போது நெஞ்சு இறுகுதா, மூச்சு வாங்குதா என்பதையும் மறைக்காமல் சொன்னால் ஓடவைத்துப் பார்க்கும் சோதனை தேவையா என்று அவர் முடிவெடுப்பார். போடும் குளிசைகளையும் கொண்டுபோங்கள், சில பிரஷர் குளிசைகளாலும் விறைப்பு குறையும். அதற்காக நீங்களாக நிறுத்தக்கூடாது.

நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் குளிசை பாவிப்பவர் விறைப்புக்குப் போடும் குளிசைகளான சில்டெனாபில், தடலாபில் பக்கமே போகக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு விழும். சில்டெனாபில் போட்டு 24 மணித்தியாலத்துக்குள்ளோ தடலாபில் போட்டு 48 மணித்தியாலத்துக்குள்ளோ நெஞ்சு நோ வந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள், வந்தவர்களிடம் எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு என்பதை மனைவி பக்கத்தில் நின்றாலும் சொல்லிவிடுங்கள்.