உங்கள் வீட்டுப் பெயர் இத்தாலியப் பெயரா? புதுச்சேரியிலிருந்து தேடுகிறவர்களுக்கு

புதுச்சேரியில் சில குடும்பங்களின் பெயர் 'இ' என்றோ 'ஓ' என்றோ முடியும். கூடவே "எங்க கொள்ளுத்தாத்தா இத்தாலிக்காரர்" என்று ஒரு கதையும் வீட்டில் ஓடும். கதை நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்து, இத்தாலி வரைபடத்தில் ஏதோ ஒரு மூலையில் நாலு புள்ளி தெரிந்ததும் அதுதான் பூர்வீகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்களே, அது தலைகீழ் வேலை. இத்தாலியில் மூன்று லட்சத்துக்கும் மேல் குடும்பப் பெயர்கள் இருக்கின்றன, எதைத் தட்டினாலும் எங்கேயாவது ஒரு புள்ளி விழத்தான் செய்யும். முதலில் தேட வேண்டியது இங்கே. அந்தப் பெயரோடு நம் ஊரில் வாழ்ந்த முதல் ஆள் யார், பதிவேடு அவரை என்னவென்று எழுதியிருக்கிறது? இது தெரிந்த பிறகு இத்தாலிக்குப் போனால் போதும், பல பேருக்கு அங்கே போக வேண்டிய தேவையே வராது.

ஏன் இவ்வளவு சந்தேகம் என்றால், இத்தாலிய வாடை அடிக்கும் ஒரு பெயர் புதுச்சேரிக்கு வந்து சேர நாலைந்து வழிகள் உண்டு. நேரே இத்தாலியிலிருந்து வருவது அதில் ஒன்றுதான்.

பெரும்பாலானவர்கள் கவனிக்காத வழி கோர்சிகா. 1768 வரை ஜெனோவா என்ற இத்தாலிய நகரக் குடியரசின் கையில் இருந்த தீவு அது, அந்த வருடம் வெர்சாய் உடன்படிக்கையில் பிரான்சிடம் போனது. அடுத்த வருடமே அங்கே பிறந்தவர்தான் நெப்போலியன். தீவின் பேச்சு டஸ்கனி இத்தாலியனுக்கு நெருக்கமானது, பெயர்களும் அப்படியே: பாவோலி, மத்தேயி, சாந்தோனி, கொலோன்னா, கசனோவா. அங்கே பிழைப்புக்கு வழி குறைவு. அதனால் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் ராணுவம், போலீஸ், சுங்கம், நிர்வாகம் என்று எங்கே பார்த்தாலும் கோர்சிகாக்காரர்கள் இருந்தார்கள். ஆகவே உங்கள் முன்னோர் பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்தார் என்றால், பெயர் எவ்வளவு இத்தாலியனாக ஒலித்தாலும் என் முதல் பந்தயம் கோர்சிகா மேல்தான்.

அடுத்தது புனிதர்கள் வழி. இது நம் ஊருக்கே உரிய குழப்பம். ஜான் போஸ்கோ, டொமினிக் சாவியோ, மரியா கொரற்றி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்காத கத்தோலிக்கத் தெரு கடலூரிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. போஸ்கோ, சாவியோ, கொரற்றி மூன்றுமே இத்தாலியக் குடும்பப் பெயர்கள், இங்கே வந்து ஆள் பெயராகிவிட்டன. அப்பா பெயர் போஸ்கோ, மகன் பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த தலைமுறை பாரிசில் 'மிஸ்யே போஸ்கோ' ஆகிவிடும். பேரன் இணையத்தில் தேடினால் இத்தாலி முழுக்கப் போஸ்கோ கிடைப்பார்கள், எல்லாருமே சம்பந்தமில்லாதவர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, புனிதர் பட்டம் கொடுத்த வருடம். போஸ்கோவுக்கு 1934, கொரற்றிக்கு 1950, சாவியோவுக்கு 1954. பட்டம் கிடைத்ததை ஒட்டியோ அதற்குப் பிறகோ பெயர் முதன்முறையாக வீட்டில் தோன்றினால் அது பக்தியால் வந்த பெயர் என்று கொள்ளலாம். அதுவே 1860ஆம் வருடப் பதிவேட்டில் போஸ்கோ என்று இருந்தால் கதை வேறு, அப்போது தோன் போஸ்கோ டூரினில் உயிரோடு இருந்த சாதாரணப் பாதிரியார். கொன்சாகா என்ற பெயருக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது, அலோசியஸ் கொன்சாகாவுக்கு 1726லேயே பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது வழி 1881. அந்த வருடம் செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணைப்படி, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்தவர்கள், அதாவது நாம் ரெனோன்சான் என்று சொல்கிறவர்கள், தங்களுக்கும் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த இயக்கத்துக்கு முன்னால் நின்ற பொன்னுத்தம்பி பிள்ளை 'லாப்போர்த்' ஆனார். விருப்பப்பட்டு எடுத்த பெயரில் ரத்த உறவைத் தேடிப் பயனில்லை. உங்கள் குடும்பத்துக்கு இப்படி ஒரு துறப்புப் பத்திரம் இருந்தால், பெயரின் பிறந்த தேதி அதுதான், அதற்கு முந்தைய தலைமுறைக்குத் தமிழ்ப் பெயரை வைத்தே தேட வேண்டும். இன்னொன்று, ரெனோன்சான்களில் நிறைய பேர் சைகோனில் வேலை பார்த்தவர்கள். புதுச்சேரியில் திருமணப் பதிவு கிடைக்காவிட்டால் கொச்சின்சீனா, அதாவது சைகோன் இருந்த தெற்கு வியட்நாம் பகுதியின் பதிவேடுகளையும் ஒரு கை பாருங்கள்.

போர்த்துகீசியப் பெயரை இத்தாலியன் என்று நினைப்பதும் நடக்கிறது. கோஸ்தா இரண்டு நாட்டிலும் உண்டு. பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் ஆளுக்குப் பக்கத்தில் 'தொப்பாஸ்' என்று எழுதியிருந்தால், போர்த்துகீசியப் பெயர் வைத்திருந்த இந்தியக் கிறிஸ்தவர், தொப்பி போட்டவர் என்று பொருள். அங்கேயே இத்தாலிக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்.

அசல் இத்தாலியர்களும் வந்தார்கள்தான். வெனிசில் பிறந்த மனூச்சி, முகலாய அரண்மனை வரை போய்விட்டு, கடைசிக் காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருந்தார். வீரமாமுனிவரை எல்லோருக்கும் தெரியும். கான்ஸ்டன்சோ பெஸ்கி, 1680இல் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில் பிறந்தவர், மேலே சொன்ன அலோசியஸ் கொன்சாகாவுக்கும் அதே ஊர். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலை எழுப்பியவர் அவர். ஆனால் அவர் இயேசு சபைத் துறவி, வாரிசு கிடையாது. எனவே இந்தப் பக்கம் பெஸ்கி என்று யாராவது இருந்தால் அது அவர் மேல் இருந்த மதிப்பால் வந்த பெயர்.

சரி, பதிவேட்டுக்கு வருவோம். பிரான்சின் கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகம் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கிறது. 1776இல் பிரெஞ்சு அரசர் ஓர் ஆணை போட்டார், குடியேற்ற நாடுகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்குக் கூடுதலாக ஒரு நகல் எடுத்து பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று. அந்தப் புண்ணியத்தில், இங்கே கரையான் தின்றது போக, அங்கே ஒரு படி பத்திரமாக இருக்கிறது, நூறு வருடத்துக்கு மேல் பழையவற்றை ஸ்கேன் செய்து காசில்லாமல் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். இந்தியா, பிறகு பொந்திஷேரி, பிறகு வருடம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைத் தட்டி நேரே ஆளைப் பிடிக்கலாம் என்று நம்பி உட்காராதீர்கள், பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். வருடக் கடைசியில் பெயர் அட்டவணை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பத்தாண்டு அட்டவணை கிடைத்தால் இன்னும் நல்லது. நூறு வருடத்துக்கு உட்பட்ட பதிவு என்றால், பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தவர்களுக்கு நாந்த் நகரில் இருக்கும் மத்திய எத்தா சிவில் (பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு) அலுவலகத்துக்கு எழுத வேண்டும், மற்றவர்களுக்கு நம் நகராட்சி.

பிறப்புப் பதிவைவிடத் திருமணப் பதிவை முதலில் தேடுவது புத்திசாலித்தனம். மணமகன் எங்கே பிறந்தார், என்ன வேலை, அப்பா அம்மா பெயர் என்ன, அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதுவரை ஒரே பக்கத்தில் இருக்கும். பிறந்த ஊர் பாஸ்தியா, அஜாக்சியோ என்று வந்தால் கோர்சிகா உறுதி. வெனிஸ், நேப்பிள்ஸ், லிவோர்னோ என்று வந்தால் கொண்டாடுங்கள். பதிவேட்டில் கிடைக்காதது சில சமயம் கோயிலில் கிடைக்கும். சம்பா கோயில், கப்ஸ் கோயில் இரண்டிலும் பங்குத்தந்தையிடம் விவரம் சொல்லி, எந்த வருடம், யாருடைய ஞானஸ்நானம் என்று குறிப்பாகக் கேளுங்கள். "எங்க குடும்பத்தில எல்லாரையும் பார்க்கணும்" என்று போனால் யாராலும் உதவ முடியாது. முன்னோர் லெஜியோன் தோனர் என்ற பிரெஞ்சு அரசின் உயரிய பதக்கம் வாங்கியவர் என்று வீட்டில் பேச்சு இருந்தால், லெயோனோர் என்ற இலவசத் தரவுத்தளத்தில் அவருடைய கோப்பே கிடைக்கலாம்.

கடலூர்க்காரர்களுக்குப் பாதை வேறு. செயின்ட் டேவிட் கோட்டை 1690இலிருந்து ஆங்கிலேயர் கையில் இருந்தது, இடையில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததெல்லாம் தனி. எனவே ஐரோப்பியர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல் சென்னை மாகாணக் கணக்கில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போயிருக்கும். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாற்றுக்கான பிபிஸ் (FIBIS) என்ற சங்கத்தின் தளத்தில் அவற்றில் ஒரு பகுதிக்கு இலவசத் தேடல் உண்டு.

தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியவர். புவோனபார்த்தே என்ற பெயர் போனபார்த் ஆனது, மசரீனோ மசரேன் ஆனார், இசையமைப்பாளர் லுல்லியின் கடைசி 'இ'யை 'ஒய்' ஆக்கினார்கள். உங்கள் பெயரிலும் கடைசி உயிரெழுத்து விழுந்திருக்கலாம், இரட்டை எழுத்து ஒற்றையாகியிருக்கலாம். பழைய கையெழுத்தில் 'யு'வும் 'என்'னும் ஒன்றுபோலவே இருக்கும். ஐந்தாறு வடிவங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தேடுங்கள்.

ஆள் நிஜமாகவே ஐரோப்பாவிலிருந்து வந்தவர் என்று தெரிந்தபிறகு, பெயர் எவ்வளவு அரிது, எங்கே குவிந்திருக்கிறது என்று பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. முதலில் பிரான்ஸ். ஜெயோபத்ரோனிம் என்ற தளம் 1891 முதல் 1990 வரையிலான பிறப்புகளை நான்கு காலகட்டமாகப் பிரித்து மாவட்டவாரியாகக் காட்டும். முதல் காலகட்டத்தில் கோர்சிகா மட்டும் நிறைந்திருந்தால் விஷயம் முடிந்தது. கோர்சிகா காலியாக இருந்தால் இத்தாலிக்கு வாருங்கள், அங்கே 'மாப்பா தேய் கொஞோமி' (mappa dei cognomi) என்று தேடினால் பெயர் வரைபடத் தளங்கள் வரும்.

இந்தத் தளங்கள் காட்டும் எண்ணிக்கையில்தான் ஏமாந்துபோவோம். பலவற்றுக்கு அடிப்படை டெலிபோன் டைரக்டரி. ஒரு இணைப்பு என்றால் ஒரு வீடு, வீட்டில் நாலு பேர் இருக்கலாம். லேண்ட்லைனே வேண்டாம் என்று விட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. உலக அளவில் எண்ணிக்கை தரும் தளங்கள் போடுவது மதிப்பீடு. ஆகவே எண்ணை விட்டுவிட்டு விகிதத்தைப் பாருங்கள். இத்தாலியில் சுமார் 5.9 கோடி மக்கள். உங்கள் பெயரில் 300 பேர் என்றால் ஏறக்குறைய இரண்டு லட்சத்துக்கு ஒருவர். அந்த 300 பேரும் நாடு முழுக்கச் சிதறியிருந்தால் பெயர் பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கலாம். பாதிப் பேர் பக்கத்துப் பக்கத்து இரண்டு மூன்று ஊர்களில் இருந்தால் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வாய்ப்பு அதிகம். ரோம், மிலான், டூரின் மூன்றையும் கணக்கில் எடுக்காதீர்கள். சென்னையில் எல்லா ஊர்க்காரரும் இருப்பது மாதிரிதான் அது. அப்புறம், இத்தாலியில் அருகிப்போன பெயர் அர்ஜென்டினாவிலோ பிரேசிலிலோ ஏராளமாக இருக்கலாம்.

பெயரின் முடிவும் பகுதியைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். மெய்யெழுத்தில், அதாவது 'இன்', 'அன்', 'ஒன்' என்று முடிந்தால் வெனிஸ் பக்கம். 'உ' அல்லது 'அஸ்', 'இஸ்' என்றால் சார்தீனியா. 'யெல்லோ' நேப்பிள்ஸ் சுற்றுப்புறம். 'உச்சி' நடு இத்தாலி. கடைசி உயிரை அழுத்திச் சொன்னால் கலாப்ரியாவாக இருக்கலாம். வெறும் 'இ' எதையும் சொல்லாது, நாடு முழுக்க இருக்கிறது.

பெயர் எப்படிப் பிறந்தது என்பதற்குப் பொதுவாக நான்கு கூடைகள்: அப்பா பெயர், ஊர்ப் பெயர், தொழில், பட்டப்பெயர். ரொஸ்ஸி என்றால் சிவந்த தலைமுடிக்காரர், ஃபெர்ராரி என்றால் கொல்லர் வீடு. இதில் சேராத ஐந்தாவது ஒன்று உண்டு, அநாதைக் குழந்தைகளுக்கு வைத்த பெயர். நேப்பிள்ஸ் அன்னுன்சியாத்தா மருத்துவமனைச் சுவரில் ஒரு சுழல் பெட்டி இருந்தது. அதில் விட்டுப்போன குழந்தைகளுக்கு எஸ்போசித்தோ என்று பெயர், புளோரன்சில் இன்னொசென்தி, ரோமில் ப்ரொயெத்தி. இந்த அடையாளம் குழந்தைக்கு இழுக்கு என்று 19ஆம் நூற்றாண்டில் அதிகாரிகள் ஆளுக்கொரு புதுப் பெயரைக் கற்பனை செய்து எழுதத் தொடங்கினார்கள். வேறு எவரிடமும் இல்லாத அரிய பெயர்களில் சில இப்படி வந்தவை. வம்சம், கோத்திரம் என்று விளக்கம் சொல்லி குடும்பச் சின்னம் பொறித்த படச்சட்டம் விற்கிற தளங்கள் இதை வாயே திறக்காது. அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பிறந்த ஊர் கிடைத்துவிட்டால் அந்தேனாத்தி என்ற இத்தாலிய அரசு ஆவணக் காப்பகத் தளத்தில் பதிவேடுகளை இலவசமாகப் புரட்டலாம். சிவில் பதிவு நேப்பிள்ஸ் அரசில் 1809இலும் சிசிலியில் 1820இலும் தொடங்கியது. ஒன்றுபட்ட நாட்டுக்கு 1866, வெனிஸ் பகுதிக்கு 1871. அதற்கு முந்தியது வேண்டும் என்றால் கோயில் பதிவேடுதான். 1563இல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதி வைக்கச் சொன்னதால் பல ஊர்களில் அதுவரைக்கும் போகலாம், எல்லாம் லத்தீனில் இருக்கும். பெண்களைத் தேடும்போது அப்பா வீட்டுப் பெயரில் தேடுங்கள், இத்தாலியப் பதிவேட்டில் கல்யாணமானாலும் அது மாறாது. குடியுரிமை ஆசையில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025இல் இத்தாலி சட்டத்தை இறுக்கிவிட்டது, பொதுவாகப் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற அளவோடு நின்றுவிடும். ஐந்து தலைமுறைக்கு முந்தைய பெயர் அதற்கு உதவாது.

இணையத்தில் இல்லாத வருடம் என்றால் அந்த ஊர் நகராட்சியின் சிவில் பதிவு அலுவலகத்துக்கு இத்தாலியனில் நாலே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே ஒரு ஆள், இரண்டு மூன்று வருட இடைவெளி, தெரிந்த எழுத்துக்கூட்டல்கள், பெற்றோர் பெயர் சேர்த்த பிறப்புச் சான்று வேண்டும் என்ற கோரிக்கை, உங்கள் உறவுமுறை, கூடவே பாஸ்போர்ட் நகல். ஆகஸ்டில் மட்டும் அனுப்பாதீர்கள், ஊரே லீவில் இருக்கும்.