போட்டுக் கொடுக்காமல் கேள்வி கேட்பது எப்படி?

மண்ணடியில், லிங்கிச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒரே அறை, ஆறு மேசை. இறக்குமதிச் சரக்கென்றால், கப்பல் வருவதற்கு முந்தின நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் சரக்கு விவரப் பத்திரம்) தாக்கலாகிவிட வேண்டும் என்று 2021-ல் விதி மாறியது. இலங்கை, பங்களாதேஷ் மாதிரி பக்கத்து நாட்டுச் சரக்குக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு. அடுத்த வருஷமே எங்களுக்கு அடி விழுந்தது. மூன்று நாள் தாமதம், நாளுக்கு 5,000 வீதம் 15,000 ரூபாய் அபராதம். நான்காவது நாளிலிருந்து நாளுக்கு 10,000 ஆகியிருக்கும்.

தாக்கல் செய்வதற்கு முன்னால் பார்ட்டி (சரக்குக்குச் சொந்தக்காரர்) சரிபார்க்க அனுப்பும் வரைவுக்குச் செக்லிஸ்ட் என்று பெயர். அதைப் போட வேண்டிய அண்ணன் மேசையிலேயே வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். பதினைந்து வருஷ சீனியர், அவரைப் போய் நான் என்ன கேட்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். திட்டு மட்டும் ஆறு பேருக்கும் சமமாக விழுந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

படி 1: ஒரு ஆள், ஒரு நேரம்

“நாம பார்த்துக்கலாம்” என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை. “நாளைக்கு முடிச்சுடறேன்” என்பதும் நேரக்கணக்கில் சேராது. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கப்பல் சனிக்கிழமை வருகிறது, வெள்ளி ராத்திரிக்குள் பைல் ஆகணும், பார்ட்டி பார்த்து ஓகே சொல்ல ஒரு நாள் வேண்டும். அப்போது வியாழன் மதியம் 3 மணிக்குச் செக்லிஸ்ட் போயாக வேண்டும். அதை அனுப்பப் போகிறவர் வாயாலேயே அந்த மணியைச் சொல்ல வையுங்கள். நாம் சொன்ன நேரத்தை மறப்பார்கள், தான் சொன்னதை அவ்வளவு சுலபமாக மறக்க மாட்டார்கள். இதைச் செய்யாமல் யாரையும் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

படி 2: பாதியில் ஒரு தடவை

புதன்கிழமை சாயங்காலம், “அண்ணே, நாளைக்கு மூணு மணிக்கு ஆயிடும்ல? ஏதாவது பேப்பர் வரணுமா?” அவ்வளவுதான்.

படி 3: தவறினால் அன்றைக்கே, தனியாக

வாட்ஸாப் குரூப்பில் கேட்காதீர்கள். முதலாளி உட்கார்ந்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். கீழே டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று ஆரம்பித்தால் பேச்சு அவர் குணத்தைப் பற்றிப் போய்விடும், செக்லிஸ்ட் அங்கேயே கிடக்கும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். நான் பேசியது இப்படி:

“அண்ணே, செக்லிஸ்ட் மூணு மணிக்குப் போயிடும்னு சொன்னீங்க. மணி அஞ்சாவுது. நாளைக்கு நைட்டுக்குள்ள பைல் ஆகலன்னா பைன் விழும். எங்கண்ணே நிக்குது?”

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் சும்மா இருப்பதுதான் கஷ்டம். சங்கடத்தில் “பரவால்லண்ணே, வேலை ஜாஸ்தி இருந்திருக்கும்” என்று நாமே சாக்கு எடுத்துக் கொடுத்துவிடுவோம். டீயை ஊதிக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். அண்ணன் கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “ஒரு அயிட்டத்துக்கு எந்த எச்.எஸ். கோடுன்னு பிடிபடலப்பா. பார்ட்டிகிட்ட கேட்டா, இவ்ளோ வருஷமா இன்னாத்த கிழிச்சான்னு நினைப்பாங்கோ.”

எச்.எஸ். கோடு என்பது சரக்கின் வகையைச் சொல்லும் எண், வரி அதை வைத்துத்தான். சோம்பேறித்தனம் என்று நான் நினைத்தது கூச்சமாக இருந்தது. “சரிண்ணே, கேட்லாக்கை நான் கேட்டு வாங்கறேன். வந்ததும் எத்தனை மணிக்கு அனுப்புவீங்க?” புதிய நேரம் வாங்காமல் டீக்கடையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

சில சமயம் காரணம் வேறு மாதிரியும் இருக்கும். மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை முங்கி, ஆள் சுற்றி வந்து சேரவே மதியம் ஆகும். அதற்கெல்லாம் கணக்குக் கேட்டால் நீங்கள்தான் கெட்டவர்.

படி 4: மறுபடியும் அதே கதை என்றால்

இப்போது எழுத்தில் வேண்டும். அவருக்கு மட்டும் ஒரு மெசேஜ்: “இன்னைக்குப் பேசினபடி, டெலிவரி ஆர்டர் நாளைக்கு 11 மணிக்கு.” (டெலிவரி ஆர்டர் என்பது சரக்கை எடுக்கக் கப்பல் கம்பெனி தரும் சீட்டு.) மிரட்டல் தொனி கூடாது.

படி 5: முதலாளியிடம் போவது

இங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் தயங்குவார்கள், தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட ஊர் இது. “கருங்காலி” என்ற பெயர் வாங்கினால் லேசில் போகாது. அதனால் அவருக்குத் தெரியாமல் போகாதீர்கள். “அண்ணே, ரெண்டு தடவை பேசிட்டோம். இனிமே சார்கிட்ட சொல்லாம இருக்க முடியல. நீங்களும் வாங்க, சேர்ந்தே பேசலாம்.” பாதிப்பேர் இந்த வார்த்தைக்கே வேலையை முடித்துவிடுவார்கள். மீதிப்பேரோடு உள்ளே போனால் தேதியையும் மணியையும் மட்டும் சொல்லுங்கள். ஆள் எப்படிப்பட்டவர் என்று சார் கேட்டால்கூட அதில் இறங்காதீர்கள்.

தாமதம் செய்கிறவர் முதலாளியின் மச்சானாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டான். முதல் நான்கு படியும் அப்படியே செய், மெசேஜை அழிக்காமல் வை என்றேன். ஐந்தாவதை நானே இன்னும் செய்து பார்த்ததில்லை.