லென்ஸா, ஃபிளாஷா? பயணம் கிளம்பும் முன் வீட்டிலேயே முடிவு செய்வது எப்படி

சித்தி பையன் போன வாரம் போன் பண்ணினான். பொங்கல் லீவில் நண்பர்களோடு தஞ்சாவூர், தாராசுரம், அப்படியே கன்னியாகுமரி வரை ஒரு சுற்றுப் போகிறான். கையில் நிக்கான் டி5600 கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், சேர்த்து வைத்த பதினைந்தாயிரம் ரூபாய்.

"அண்ணே, லென்ஸ் வாங்கவா, ஃபிளாஷ் வாங்கவா? ரெண்டுல ஒண்ணுதான் முடியும்."

"கடையில கேட்டியா?"

"கேட்டேன். ரெண்டுமே சூப்பர்ங்கிறாங்க."

கடையில் வேறு என்ன சொல்வார்கள்! அவனுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியில் நான் ஒருமுறை தப்பாக முடிவெடுத்து மாட்டிக்கொண்டவன்.

சில வருஷத்துக்கு முன்னால் மதுரை சித்திரைத் திருவிழாவுக்குப் போனேன். விடியும் முன்னே அழகர் ஆற்றில் இறங்குவார், இருட்டாக இருக்கும், அதனால் ஃபிளாஷ்தான் வேண்டும் என்று நானாகவே முடிவு செய்து, பெரிதாக ஒன்றை வாங்கி கேமரா தலையில் மாட்டிக்கொண்டு வைகைக்குள் இறங்கி நின்றேன். தங்கக் குதிரை எனக்கு நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி வந்தது. அடித்தேன். வந்த படத்தில் எனக்கு முன்னால் நின்றவரின் பிடரியும் அவர் தோளில் இருந்த குழந்தையின் ரப்பர் பேண்டும் பளீரென்று தெரிந்தன, அதற்கு அப்பால் கும்மிருட்டு. போதாததற்கு, தோல்பையில் தண்ணீர் நிரப்பி அழகரை நோக்கிப் பீய்ச்சுவார்கள் அல்லவா, அந்தத் துளிகள் ஒவ்வொன்றிலும் ஃபிளாஷ் பட்டு, படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சோற்றுப் பருக்கை இறைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஃபிளாஷ் இல்லாமலேயே எடுத்துக்கொண்டிருந்தார். குதிரையைச் சுற்றித்தான் விளக்கு வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறதே! எனக்குத்தான் அது தோன்றவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

1. கெட்டுப்போன படங்களை எடுங்கள்

நல்ல படங்களை விடுங்கள். கடைசியாகப் போன ஒரு பயணத்தின் படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, சரியாக வராதவற்றை மட்டும் ஒரு தனி ஃபோல்டரில் போடுங்கள். அழித்துவிட்டீர்களா? இனிமேல் அழிக்காதீர்கள், இந்த முடிவுக்கு அவைதான் ஆதாரம்.

அப்புறம் ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று பாருங்கள். படத்தோடு ஷட்டர் வேகம் (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது), அப்பர்ச்சர் (லென்ஸின் துளை எவ்வளவு திறந்தது, எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது), ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது), எத்தனை மி.மீ.-ல் எடுத்தது (எண் கூடக் கூட நெருக்கிக் காட்டும்) எல்லாமே பதிவாகியிருக்கும். படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனாலே தெரியும்.

ஆடிப்போன படத்தில் இரண்டு வகை உண்டு, இதைப் பிரிக்கத் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். படம் மொத்தமும், தூண் சுவர் உட்பட, ஆடியிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. தூண் கூர்மையாக இருந்து மனிதர் மட்டும் கலங்கியிருந்தால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அவர் அசைந்திருக்கிறார். முதல் வகைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கிட் லென்ஸிலேயே கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் இருக்கிறது, அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்து எடுங்கள். இரண்டாவது வகையை விஆர் ஒன்றும் செய்யாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகம் வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும்.

தம்பியின் ஃபோல்டரில் நாற்பது படம் சேர்ந்தது. இருபத்து மூன்றில் மனிதர்கள் கலங்கியிருந்தார்கள். சாயங்காலக் கடைத்தெரு, கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரின் விரல்கள், மாமா பெண் ஓடிவருவது. ஒன்பது படத்தில் பின்னால் கடலும் வானமும் அழகாக இருக்க, முன்னால் நிற்பவர்களின் முகம் கரி. மிச்சம் ஃபோகஸ் தவறியவை, ரொம்ப தூரத்தில் இருந்த பறவை, இப்படி. (பறவைக்கு இந்த இரண்டுமே உதவாது. அது வேறு லென்ஸ், வேறு பட்ஜெட், இப்போது அந்தப் பேச்சு வேண்டாம்.)

2. இருட்டாக இருந்தது எத்தனை அடி தள்ளி இருந்தது?

ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போகப் படுவேகமாகக் குறையும். இரண்டு மடங்கு தள்ளிப் போனால் பாதி அல்ல, கால்வாசிதான் போய்ச் சேரும். ஃபிளாஷின் சக்தியை கைடு நம்பர் என்ற ஒரு எண்ணில் சொல்வார்கள். அதை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால், ஐஎஸ்ஓ 100-ல் எத்தனை மீட்டர் எட்டும் என்று கிடைக்கும்.

டி5600-இன் தலையில் திறந்துகொள்ளும் குட்டி ஃபிளாஷுக்கு கைடு நம்பர் சுமார் 12. எஃப் 4-ல் வைத்தால் 12-ஐ 4-ஆல் வகுத்து 3 மீட்டர். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் அது இரட்டிப்பாகி 6 மீட்டர், அதாவது இருபது அடி. பெரிய ஃபிளாஷ் வாங்கினால் இன்னும் மூன்று நான்கு மடங்கு கூடும், அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 66 மீட்டர் உயரம். ராத்திரியில் அதன்மேல் ஃபிளாஷ் அடிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன், பாவம், அடிக்கிற வெளிச்சம் எதிரே இருக்கிற புல்தரையோடு சரி.

ஆகவே இருட்டு இருபது அடிக்கு மேல் இருந்த படங்களுக்குக் குட்டி ஃபிளாஷ் பதில் இல்லை, அறுபது எழுபது அடியைத் தாண்டினால் பெரிய ஃபிளாஷும் பதில் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. லென்ஸ் வாங்கினால் என்ன கூடும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்

கிட் லென்ஸை 35 மி.மீ.-ல் வைத்தால் அது அதிகபட்சம் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும். 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) அதைப் போல ஆறு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும் (4.5-ஐ 1.8-ஆல் வகுத்தால் 2.5, அதன் வர்க்கம் 6.25). கலங்கிய படத்தின் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். பத்தில் ஒரு நொடி என்று இருந்தால், அதே இடத்தில் அதே ஐஎஸ்ஓவில் அறுபதில் ஒன்றுக்கு மேல் கிடைத்திருக்கும். நின்று பேசுகிறவரை, பூக்கட்டுகிற அம்மாவை எடுக்க அது போதும். ஓடுகிற குழந்தைக்குப் போதாது, அதற்கு ஐஎஸ்ஓவையும் ஏற்ற வேண்டும்.

ஒவ்வொரு கலங்கிய படத்துக்கும் இப்படி ஆறால் பெருக்கிப் பாருங்கள். தம்பியின் இருபத்து மூன்றில் பதினெட்டு தேறியிருக்கும்.

4. செலோடேப் சோதனை

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது, காசே இல்லாதது. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-ல் வைத்து, அசையாதபடி செலோடேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அதே அளவில் எடுங்கள்: சமையலறை, மாடிப்படி, டீக்கடை, பஸ் ஸ்டாண்ட். அடுத்த நாள் 50-ல் ஒட்டுங்கள்.

இந்த மாதிரிக் கேமராக்களில் சென்சார் (படம் பதியும் சில்லு) சின்னது என்பதால் 50 மி.மீ. என்பது 75 மாதிரி நெருக்கிக் காட்டும். முகம் மட்டும் எடுக்க அருமை. ஆனால் மண்டபத்துக்குள் நின்று எதிர்த் தூணை எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் முதுகு இன்னொரு தூணில் முட்டும். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 50 வாங்குகிறார்கள், பாதிப் பேர் ஊருக்குப் போனதும் கிட் லென்ஸையே திரும்ப மாட்டிக்கொள்கிறார்கள். பயணத்துக்கு என் ஓட்டு 35-க்குத்தான். தாராசுரத்தில் ராஜகம்பீர மண்டபத்துத் தூண்களில் உள்ளங்கை அகலத்துக்குக்கூடச் சிற்பங்கள் உண்டு. நிக்கானின் 35 எஃப் 1.8 முப்பது சென்டிமீட்டர் வரை கிட்டப்போனாலும் ஃபோகஸ் ஆகும், அங்கே அது பெரிய வசதி.

5. இப்போது ஃபிளாஷை நியாயமாக விசாரிப்போம்

ஃபிளாஷ் என்றால் ராத்திரிச் சாமான் என்று நினைக்கிறோம். பயணத்தில் அது பகலில்தான் அதிகம் உழைக்கும். அந்த ஒன்பது கரிமுகங்கள் நினைவிருக்கிறதா? அவற்றுக்கு எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் செய்யாது. முகத்துக்கு வெளிச்சம் கூட்டினால் பின்னால் இருக்கும் வானம் வெளுத்துப்போகும். முகத்துக்கு மட்டும் வெளிச்சம் கொடுக்க வேண்டும், அதுதான் ஃபிளாஷ்.

ஆனால் பொறுங்கள், உங்கள் கேமராவிலேயே ஒன்று இருக்கிறது. இன்று மாலை மொட்டைமாடிக்குப் போய், அஸ்தமிக்கும் சூரியனுக்கு முதுகு காட்டி வீட்டில் ஒருவரை எட்டடி தூரத்தில் நிற்க வையுங்கள். எம் மோடில் (எல்லாவற்றையும் நாமே வைப்பது) ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6 வைத்து, வானத்தின் நிறம் உங்களுக்குப் பிடித்த மாதிரி வரும்வரை ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள், 200-இல் ஒன்றைத் தாண்டாமல் (இந்தக் கேமராவில் ஃபிளாஷோடு அதற்குமேல் போகாது). அப்புறம் குட்டி ஃபிளாஷைத் திறந்து, ஃபிளாஷ் காம்பன்சேஷனை (ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) மைனஸ் ஒன்றில் வைத்து எடுங்கள். முகமும் வரும், வானமும் இருக்கும். கன்னியாகுமரிக்கு இது தாராளமாகப் போதும்.

இது எங்கே தோற்கும் என்றால் உச்சி வெயிலில். பன்னிரண்டு மணிக்கு 200-இல் ஒரு நொடி, ஐஎஸ்ஓ 100 என்றால் அப்பர்ச்சரை எஃப் 11 பக்கம் வைக்க வேண்டிவரும். 12-ஐ 11-ஆல் வகுங்கள்: ஒரு மீட்டர். செல்ஃபி தூரம்! தொப்பி நிழலில் மறைந்த முகத்தை மூன்று மீட்டரில் நின்று எடுக்க, கைடு நம்பர் 36-க்குக் குறையாத வெளி ஃபிளாஷ் வேண்டும். உங்கள் பயணம் முழுக்கக் குடும்பத்தோடு, பகலில், வெயிலில் ஆளை நிறுத்தி எடுப்பதுதான் என்றால் லென்ஸை மறந்துவிட்டு ஃபிளாஷ் வாங்குங்கள், மனதாரச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் கூரையில் அடித்துத் தெறிக்க வைக்கும் பவுன்ஸ் வித்தைக்கும் வெளி ஃபிளாஷ்தான். வெள்ளைக் கூரை இருந்தால் சொக்கவைக்கும். ஆனால் செட்டிநாட்டு வீட்டுத் தேக்குக் கூரையில் அடித்தால் பாதி வெளிச்சத்தை மரமே தின்றுவிட்டு, மிச்சத்தை மஞ்சளாகத் துப்பும். திறந்த வெளியில் தெறிக்க எதுவுமே இல்லை.

6. போகிற இடம் விடுமா?

அஜந்தாவில் ஓவியக் குகைகளுக்குள் ஃபிளாஷ் கூடவே கூடாது. பல மியூசியங்களிலும் அப்படித்தான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவே கிடையாது, அங்கே உங்கள் பதினைந்தாயிரம் லாக்கரில் தூங்கும். எந்தக் கோயிலிலும் மூலவரைப் படமெடுக்க நினைக்காதீர்கள். தெருக்கூத்து ஆடுகிறவரின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதும், ராத்திரி ரயிலில் கம்பார்ட்மென்ட் மொத்தத்தையும் எழுப்புவதும் வேண்டாமே. போகிற இடங்களை எழுதி, ஃபிளாஷ் அனுமதி இருக்கிறதா என்று எதிரே குறித்தால் பட்டியலில் பாதி அடிபட்டுவிடும்.

7. வாங்கும்போது

டி3000, டி5000 வரிசை நிக்கான்களில் ஃபோகஸ் மோட்டார் உடம்பில் இல்லை. லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்க வேண்டும் (டி5600 மாதிரிப் புதியவற்றில் ஏஎஃப்-பி என்று இருந்தாலும் சரி, இந்த வரிசையின் பழைய கேமராக்களில் அது ஃபோகஸ் ஆகாது). மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எஃப் 1.8டி வாங்கினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி இழை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் ஃபிளாஷ் என்றால் பேட்டரி அறையைத் திறந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள், முழுச் சக்தியில் பத்துமுறை அடித்துப் பாருங்கள். ரிப்பேர் செய்கிறேன் என்று நீங்களே பிரிக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்ட் பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஷாக் அடிக்கும். ஃபிளாஷ் விலையில் சார்ஜ் செய்யும் பேட்டரி, சார்ஜர் எல்லாம் வராது என்பதையும், 200 கிராம் லென்ஸுக்கும் பேட்டரியோடு அரைக் கிலோ வரும் ஃபிளாஷுக்கும் கழுத்து வலியில் உள்ள வித்தியாசத்தையும் யோசியுங்கள்.

8. முதல் நாள் செட்டிங்

லென்ஸ் என்றால் ஏ மோட் (அப்பர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), எஃப் 2.2, ஆட்டோ ஐஎஸ்ஓ அதிகபட்சம் 3200, குறைந்தபட்ச ஷட்டர் 125-இல் ஒன்று. எஃப் 1.8-லேயே வைத்து எல்லாவற்றையும் எடுக்காதீர்கள், கண் தெளிவாக இருக்கும், காது கலங்கிவிடும். நாலு பேர் நின்றால் எஃப் 4 வையுங்கள். ஃபிளாஷ் என்றால் டிடிஎல் (ஃபிளாஷ் அளவைக் கேமராவே கணக்கிடுவது), மைனஸ் ஒன்று, மேலே சொன்ன மொட்டைமாடி முறையேதான்.

தம்பி 35-ஐ வாங்கிவிட்டான். பணம் மிச்சம் இருக்கிறது, அதில் ஃபிளாஷும் வாங்கட்டுமா என்று மறுபடி ஆரம்பித்தான். சித்திரைத் திருவிழாவில் என்னோடு ஆற்றில் இறங்கிய ஃபிளாஷ் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது, எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். பேட்டரி மட்டும் அவன் செலவு.